முருகைக்கல்

தூத்துக்குடி மில்லர்புரத்துக்காரர்களுக்குக் கடல் என்றால் துறைமுகமும் முத்தும்தான் முதலில் நினைவுக்கு வரும். அதே கடல் தந்த இன்னொரு செல்வம் முருகைக்கல், அதாவது பவளக்கல். தனுஷ்கோடியில் 1964 புயல் சிதைத்த, முருகைக்கல்லால் கட்டிய தேவாலயச் சுவரை ஒட்டி நின்று பாருங்கள். கல்லில் நட்சத்திரம் நட்சத்திரமாக நுண்குழிகள். ஒவ்வொன்றும் ஒரு பவள உயிரி குடியிருந்த வீடு. அவை சேர்த்துவைத்த சுண்ணாம்புதான் இப்படிக் கல்லாகியிருக்கிறது.

பசிபிக்கில், போன்பே தீவின் ஓரத்தில் உள்ள நான் மடோல் என்ற பழைய நகரமும் பவளத்தை நம்பி எழுந்ததுதான். ஆழமில்லாத கடலில் ஏறத்தாழ 100 செயற்கைத் திட்டுகள். சுற்றிலும் எரிமலைக் கல்தூண்களை அடுக்கி, நடுவே பவளக்கல்லைக் கொட்டி நிரப்பினார்கள். அந்தப் பவளத்தில் உள்ள யுரேனியம், தோரியம் அளவை வைத்தே அங்குள்ள பெரிய கல்லறை கி.பி. 1180–1200 வாக்கில் எழுந்தது என்று ஆய்வாளர்கள் கணித்தார்கள். கட்டிய கல்லே கட்டிய காலத்தையும் சொல்கிறது!

நம் கரையிலோ, சுண்ணாம்புச் சூளைக்கும் சுவருக்கும் பவளத்தை வெட்டி வெட்டி, விலாங்குசல்லி, பூவரசன்பட்டி ஆகிய இரு தீவுகளும் மூழ்கிப்போயின. 2001 முதல் பவளத்தை எடுக்கச் சட்டம் தடை விதிக்கிறது. ஆகவே பழைய சுவர்களில் மிஞ்சியிருக்கும் முருகைக்கல் இனிக் கிடைக்காத பொருள். இடிக்க நினைப்பவர்கள் ஒருமுறை அதைத் தடவிப் பார்க்கட்டும், கை வராது.