மழைக்கு முந்திப் பறித்த பழம்

பத்து வயதான ஹண்டர் செமியோன் என்ற வெள்ளை ஒயினை முகர்ந்தால் முதலில் எழுவது வெண்ணெய் தடவி வாட்டிய ரொட்டியின் மணம். பின்னாலேயே தேன், கொஞ்சம் வறுத்த முந்திரி. ஒயின் பழகியவர்கள்கூட ஓக் பீப்பாயில் கிடந்த சரக்கு என்றே நினைப்பார்கள். ஆனால் இது மரத்தைத் தொட்டதே இல்லை. எஃகுத் தொட்டியில் குளிர்ச்சியாக நொதித்து, சில மாதங்களிலேயே புட்டிக்குள் போனது. அந்த மணம் முழுவதும் புட்டிக்குள் பிறந்தது. தேன் மணக்கிறதே என்று பருகினால் நாக்கில் இனிப்பு துளியும் இல்லை. மணம் ஒன்று சொல்ல, சுவை வேறொன்று சொல்லும் இந்த இடம்தான் எனக்கு மிகவும் பிடித்தது.

இந்த ஒயின் பிறக்கும் ஹண்டர் பள்ளத்தாக்கு ஆஸ்திரேலியாவில், சிட்னிக்கு வடக்கே சுமார் 160 கி.மீ. தொலைவில் இருக்கிறது. திராட்சைக்கு எளிதான ஊர் இல்லை. கோடை வெயில் கொளுத்தும், காற்றில் ஈரம் கனக்கும், பழம் திரளும் ஜனவரி, பிப்ரவரியிலேயே மழையும் கொட்டும். செமியோன் திராட்சைக்கோ மெல்லிய தோல், நெருக்கமான குலை. நாலு நாள் ஈரம் நின்றால் அழுகல் பிடித்துவிடும். துணையாக இருப்பவை பிற்பகல் மேகமும், கடல் பக்கமிருந்து வரும் காற்றும், பழைய ஓடைக்கரைகளின் மணற்பாங்கான மண்ணும்தான். வேரைத் தின்னும் ஃபில்லாக்ஸெரா பூச்சி இங்கே வரவில்லை என்பதால் 1908இல் நட்ட கொடிகள் இன்னும் சொந்த வேரிலேயே காய்க்கின்றன.

மழைக்கு முந்திக்கொள்ள, சர்க்கரை முழுதாக ஏறுமுன்பே பறித்துவிடுகிறார்கள். வெப்பமான ஊர்களின் ஒயினில் ஆல்கஹால் 13, 14 சதவீதம் என்று போகும்போது, இதில் 10, 11 சதவீதம்தான். வெயில் நாட்டில் இவ்வளவு மெலிந்த ஒயினா என்று வியப்பு வரும். அந்த அவசரத்தில் காப்பாற்றப்பட்ட புளிப்புதான் பிறகு பத்து, இருபது ஆண்டுகள் ஒயினைக் கெடாமல் தாங்கி நிற்கிறது. ஹண்டரின் டிர்ரெல் குடும்பத்தார் 1963 முதல் தயாரிக்கும் 'வாட் 1' செமியோன் இதற்குப் பெயர்பெற்ற சாட்சி.

இளசாக இருக்கும்போது ஹண்டர் செமியோன் வேறு ஆள். நிறம் கிட்டத்தட்டத் தண்ணீர், விளிம்பில் மட்டும் இளம்பச்சைச் சாயல். எலுமிச்சைத் தோலும் அறுத்த புல்லும் மணக்கும். புளிப்பு நாக்கின் இரு ஓரங்களையும் கூசவைக்கும். சிப்பி இறைச்சியோடு சாப்பிட அதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை.

இரண்டுக்கும் நடுவே ஒரு காலம் உண்டு. நான்கைந்து வயதில் எலுமிச்சை மங்கியிருக்கும், ரொட்டி மணம் இன்னும் வந்திருக்காது. அப்போது திறந்தவர்கள் பலர் இதைச் சப்பென்று இருக்கிறது என ஒதுக்கிவிடுகிறார்கள். வாங்கினால் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் திறந்துவிட வேண்டும். இல்லையென்றால் பத்தாவது ஆண்டுவரை கைவைக்கக் கூடாது.