மின்னசோட்டாவும் சியோலும்: ஒரு மருத்துவக் கல்வி உறவின் நிறையும் குறையும்

இரு நாட்டுப் பல்கலைக்கழகங்கள் மருத்துவக் கல்வியில் கைகோத்தன என்ற செய்தியைப் படித்ததும், எத்தனை பேர் போனார்கள், எவ்வளவு பணம் வந்தது என்றுதான் பார்க்கிறோம். அந்தக் கணக்கு மட்டும் போதுமா? இவ்வகை உறவுகளில் பெரிதும் புகழப்படும் ஒன்றை எடுத்து உரைத்துப் பார்ப்போம்.

தென்கொரியாவின் சியோல் தேசியப் பல்கலைக்கழகம் 1946-இல் அமைந்தது. ஜப்பானியர் ஆட்சிக் காலத்துக் கல்விமுறையே அதன் மருத்துவக் கல்லூரியில் தொடர்ந்தது. ஆசிரியர் விரிவுரை நிகழ்த்துவார், மாணவர் குறிப்பெடுப்பர். நோயாளியின் படுக்கையருகே நின்று கற்பது குறைவு. 1950 முதல் 1953 வரை நடந்த போரும் கல்லூரியை நலிவடையச் செய்தது. இந்நிலையில் 1954-இல், அமெரிக்க அரசின் நிதியுதவியுடன், மின்னசோட்டாப் பல்கலைக்கழகம் அதனுடன் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. மருத்துவம், பொறியியல், வேளாண்மை முதலிய துறைகளில் திட்டம் ஏறத்தாழ ஏழாண்டுகள் நடந்தது.

மருத்துவத் துறையில் மட்டும் சியோலிலிருந்து 77 ஆசிரியர்கள் மின்னசோட்டா சென்று பயின்றனர். அங்கிருந்து 11 ஆலோசகர்கள் சியோலுக்கு வந்தனர்.

முதலில் நிறையைக் கூறுவோம். திட்டம் மாணவரை விட்டு ஆசிரியரைத் தேர்ந்தெடுத்தது. ஒரு மாணவன் வெளிநாடு சென்று திரும்பினால் நாட்டுக்கு ஒரு மருத்துவர் கிடைப்பார். ஓர் ஆசிரியர் திரும்பினால் ஆண்டுதோறும் ஒரு வகுப்பே பயன்பெறும். அணுக்கருப் பிளவில் ஒரு நியூட்ரான் பல நியூட்ரான்களை வெளிவிடுவது போன்றது இது. சென்றவர்களில் பெரும்பாலோர் திரும்பினர். படுக்கையருகே கற்பித்தலும், பட்டம் பெற்றபின் மருத்துவமனையில் தங்கிப் பயிலும் முறையும் சியோலில் வேரூன்றின.

இனிக் குறைக்கு வருவோம். மின்னசோட்டா அக்காலத்தில் இதய அறுவை மருத்துவத்தின் தலைவாயிலாக விளங்கியது. 1954-இல் வால்டன் லில்லெஹை என்னும் அறுவை மருத்துவர், குழந்தையின் இரத்த ஓட்டத்தைத் தந்தையின் இரத்த ஓட்டத்துடன் இணைத்து, குழந்தையின் இதயத்தைத் திறந்து அறுவை செய்தது அங்கேதான். அரிய சாதனை! ஆனால் கொரியக் கிராமத்து மக்களை வாட்டியவை காசநோயும் குடற்புழுக்களுமே. திட்டம் முடிந்து பத்தாண்டுகள் ஆனபின், 1971-இல் நாடு முழுவதும் நடந்த ஆய்வில் 84.3 விழுக்காட்டினரின் மலத்தில் புழு முட்டைகள் காணப்பட்டன.

"புழுவுக்கு மாத்திரை போதுமே, பல்கலைக்கழகம் எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். மாத்திரை புழுவை வெளியேற்றும். ஆனால் மனித மலத்தை எருவாக இட்ட வயலின் கீரை வழியே முட்டை மீண்டும் வயிற்றுக்குள் போய்விடும். இந்தச் சுழலை அறுக்க வயலையும் கழிப்பிடத்தையும் பார்க்கத் தெரிந்த மருத்துவர் வேண்டும். கொரியா 1966-இல் ஒழிப்புச் சட்டம் இயற்றியது. பள்ளி மாணவரின் மலத்தை ஆண்டுக்கு இருமுறை சோதித்து மருந்து கொடுத்தது. 2012-ஆம் ஆண்டு ஆய்வில் அந்த விழுக்காடு 2.6 ஆகக் குறைந்திருந்தது. இந்தப் பாடத்தை மின்னசோட்டாவின் மருத்துவமனையில் படித்திருக்க முடியாது.

110 வோல்ட்டுக்கு அமைந்த கருவியை 230 வோல்ட் இணைப்பில் நேரே செருகினால் கருகிவிடும். இடையில் மின்மாற்றி தேவை. பாடத்திட்டத்துக்கும் அத்தகைய மின்மாற்றி தேவை. அதை அமைக்க வேண்டியவர்கள் பெறும் நாட்டு ஆசிரியர்களே. ஒரு பக்கம் கற்பவர், மறுபக்கம் அறிவுரை கூறுபவர் என்று பிரித்துவிட்டால் அந்த வேலை யாருடையதும் அன்று.

கதை இதோடு முடியவில்லை. 2010-இல் சியோல், லாவோஸ் நாட்டு மருத்துவ ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் திட்டத்தைத் தொடங்கியது. அதற்கு உலக சுகாதார நிறுவனத்தின் தலைமை இயக்குநராக இருந்து 2006-இல் மறைந்த தன் பழைய மாணவர் லீ ஜோங்-வூக்கின் பெயரைச் சூட்டியது. பெற்றவர் கொடுப்பவராக உயர்ந்தது மின்னசோட்டாத் திட்டத்துக்குக் கிடைத்த மிகச் சிறந்த சான்றிதழ். ஆயினும் சியோலின் பெரிய மருத்துவமனையை லாவோஸ் ஆசிரியர் அப்படியே பார்த்து எழுதிக்கொண்டு போனால், பழைய குறையே புதிய பெயரில் திரும்பும்.

ஆகவே, இத்தகைய ஒப்பந்தம் எங்கே கையெழுத்தானாலும் மூன்று கேள்விகள் கேட்போம். போகிறவர் ஆசிரியரா? திரும்பி வந்து கற்பிக்க அவருக்கு இடம் இருக்கிறதா? பாடத்திட்டத்தை எழுதுமுன் அந்த நாட்டு நோயாளிகளை யாரேனும் எண்ணிப் பார்த்தார்களா? மூன்றாவது கேள்விக்கு விடை இல்லாத ஒப்பந்தம், எத்தனை பேரை அனுப்பினாலும், பாதி வேலையைத்தான் செய்திருக்கிறது.