வேட்டைத் துப்பாக்கியின் முதல்வர் யார்?

ஒரு கருவிக்கு ஒருவரையே தந்தையாகக் கூறுதல் உலக வழக்கு. அடுத்தடுத்துச் சுடும் வேட்டைத் துப்பாக்கிக்கு அமெரிக்கரான ஜான் மோசஸ் பிரௌனிங்கையே தந்தை எனப் பலரும் எழுதுவர். அக்கூற்று எவ்வளவு பொருந்தும் என்பதைக் காப்புரிமை வரலாற்றைக் கொண்டு ஆராய்தல் தகும்.

பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி இருமுறை வெடித்ததும் மடக்கித் திறந்து, மீண்டும் தோட்டா இடப்படுவது. பல தோட்டாக்களை உள்ளடக்கி ஒவ்வொன்றாகக் குழலுக்கு அனுப்புவதே அடுத்த முயற்சி. ஆயின் சிறு ரவைகள் நிறைந்த தோட்டா பருத்தது. அந்நாளில் அதன் உறை காகிதத்தால் ஆனது. ஈரம் பட்டால் உப்பிச் சிக்கிக்கொள்ளும். இவ்விடரை வென்றவருக்கே புகழ் உரியது.

1882-இல் கிறிஸ்தபர் ஸ்பென்சரும் சில்வெஸ்டர் ரோப்பரும் ஒரு காப்புரிமை பெற்றனர். குழலின் கீழுள்ள முன்பிடியைப் பின்னிழுத்தால் வெற்றுறை வெளியேறும். முன்தள்ளினால் புதுத் தோட்டா குழலுள் நுழையும். துப்பாக்கி விற்பனைக்கும் வந்தது. ஆனால் அவர்களது நிறுவனம் நிலைக்கவில்லை. உரிமைகள் நியூயார்க் வணிகர் பிரான்சிஸ் பானர்மனிடம் சென்றன.

பிரௌனிங் வின்செஸ்டர் நிறுவனத்துக்காக ஆக்கிய 1887-ஆம் ஆண்டுத் துப்பாக்கி நெம்புகோலால் இயங்குவது. முன்பிடி முறையே சிறந்தது என்பது அவர் கருத்து. நெம்புகோலே தங்கள் அடையாளம் என்பது நிறுவனத்தின் பிடிவாதம். பின்னர் 1890-இல் அவர் பெற்ற காப்புரிமையின்படி முன்பிடித் துப்பாக்கி 1893-இல் வெளிவந்தது. தம் உரிமை பறிபோயிற்றென்று பானர்மன் 1894-இல் வழக்குத் தொடுத்தார்.

வின்செஸ்டர் நிறுவனம் ஜார்ஜ் செமோர் என்பவரை ஐரோப்பாவுக்கு அனுப்பிப் பழைய ஏடுகளைத் துருவச் செய்தது. 1854-இல் அலெக்சாண்டர் பெய்னும், 1866-இல் கர்ட்டிஸ், குருட்ஸ் ஆகிய இருவரும் இங்கிலாந்தில் பெற்ற உரிமைகளும், 1880-இல் பிரான்சில் மாகோ பெற்ற உரிமையும் கிடைத்தன. அவற்றுட் சிலவற்றின்படி துப்பாக்கிகள் செய்து, அவை இயங்கக்கூடியவை எனவும் காட்டினர். பானர்மன் தோற்றார்.

ஈண்டு ஒன்று நோக்கத்தக்கது. ஏட்டில் உறங்கிய கர்ட்டிசின் கருத்துக்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பின் உயிர் கொடுத்தவை வின்செஸ்டரின் கைகள். அவ்விடைக்காலத்தில் வளர்ந்த தொழில்திறன் அம்மாதிரிகளுள் கலவாமல் இருந்திருக்குமா? சட்டத்துக்கு அச்சான்று போதும், வரலாற்றுக்குப் போதாது. கருதியவர் கர்ட்டிஸ் போன்றோர்; சந்தைக்குக் கொணர்ந்தவர் ஸ்பென்சரும் ரோப்பரும்; நிலைபெறச் செய்தவர் பிரௌனிங். மூன்றையும் ஒருவர் தலையிற் சூட்டுதல் முறையன்று.

பிறர் உரிமையைத் தகர்த்த அதே நிறுவனம் பின்னர் உரிமையின் வலிமையைத் தானே உணர்ந்தது. பிரௌனிங் தானியங்கித் துப்பாக்கிக்கு 1900-இல் காப்புரிமை பெற்றார். விற்பனையில் பங்கு கேட்டார், வின்செஸ்டர் மறுத்தது. அவர் 1902-இல் பெல்ஜியத்தின் எப்.என். நிறுவனத்தை நாடினார். வின்செஸ்டர் 1911-இல் தன் தானியங்கியை வெளியிட்டபோது, பிரௌனிங் உரிமையைத் தவிர்க்க வேண்டி, அடைப்பை இழுக்கும் கைப்பிடியை விட்டுவிட்டது. குழலையே பின்தள்ளித் துப்பாக்கியை ஆயத்தப்படுத்த வேண்டியதாயிற்று. தோட்டா சிக்கியபோது சிலர் அடிக்கட்டையைத் தரையில் ஊன்றி, குழல்வாய்க்கு நேரே நின்று அழுத்தினர், விபத்துகள் நேர்ந்தன. 'கைம்பெண்ணாக்கி' என்னும் பழிப்பெயர் அத்துப்பாக்கிக்கு வந்தது.

காப்புரிமை புதுமைக்கு வேலியிடுவது. அவ்வேலியைச் சுற்றிச் செல்ல முயன்றோர் சில வேளை நல்வழியை விட்டுப் படுகுழியில் இறங்கினர். ஆதலின் 'முதல்வர் யார்' என்று மட்டும் வினவுதல் குறையுடைய ஆராய்ச்சியே. எவர் கருத்து எவரால் நிறைவுற்றது, எவர் உரிமை எவரைத் தடுத்தது என்று வினவுவதே நிறைவுடைய ஆராய்ச்சியாகும்.