சீப்பு விடுபட்ட கட்டுரை

தாதிமைப் பட்டப்படிப்பு என்றால் ஊசி போடவும் காயத்துக்குக் கட்டுப் போடவும் கற்றுக்கொடுப்பார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் அந்தப் படிப்பின் பெரும் பகுதி எழுத்து. கேஸ் ஸ்டடி, பராமரிப்புத் திட்டம், ஆய்வுக் கட்டுரைகளின் திறனாய்வு என்று போகும். இவற்றோடு ‘ரிஃப்லெக்டிவ் எஸ்ஸே’ என்று ஒன்றும் உண்டு. வார்டில் நடந்த ஒரு சம்பவத்தை எடுத்துக்கொண்டு நான் என்ன செய்தேன், என்ன உணர்ந்தேன், என்ன கற்றேன் என்று தன்மையில் எழுதவேண்டும். ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு சொல் இருக்கும். சுயசரிதை, நாட்குறிப்பு, பயணக் கட்டுரை என்று ஒருவர் தன் அனுபவத்தைத் தானே எழுதும் எதையும் நாம் இலக்கியத்தின் பக்கத்து வீடாகவாவது ஏற்றுக்கொள்கிறோம். இந்த நாட்டில் ஒவ்வொரு செமஸ்டரும் கட்டுக்கட்டாக எழுதப்படும் இந்த வகையை மட்டும் மதிப்பெண் போடுகிறவரைத் தவிர யாரும் வாசிப்பதில்லை.

நான் பதினொன்று வாசித்தேன். ஏழு அக்கா எழுதியவை. மீதி நான்கு அவள் வகுப்புத் தோழிகளுடையவை, கேட்டு வாங்கியது. அக்கா டிப்ளோமா முடித்து அரசாங்க மருத்துவமனையின் அறுவைச் சிகிச்சை வார்டில் பதினோரு வருடமாக மிஸ்ஸி. இப்போது வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாக டிகிரி படிக்கிறாள். இங்கே அது புதிய விஷயமில்லை. மலாயாப் பல்கலைக்கழகம் தொண்ணூறுகளிலேயே தாதியருக்கான பட்டப்படிப்பைத் தொடங்கிவிட்டது. பிறகு மற்றப் பல்கலைக்கழகங்களும் வந்தன, தொலைக்கல்வியும் வந்தது. வார்டில் டிப்ளோமாக்காரருக்கு நெடுங்காலம் யு29, பட்டதாரிப் பதவிக்கு யு41 என்று கிரேடு இருந்தது. டிகிரி வாங்கிய மறுநாளே கிரேடு ஏறிவிடாது என்று எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் படிக்கிறார்கள்.

படிப்பதில் பயன் உண்டா என்று கேட்பவர்களுக்கு ஓர் ஆய்வைக் காட்டுவார்கள். 2014-இல் லின்டா ஏய்க்கனும் சக ஆய்வாளர்களும் ‘தி லான்செட்’ இதழில் வெளியிட்டது. 9 ஐரோப்பிய நாடுகள், 300 மருத்துவமனைகள், 4 லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைச் சிகிச்சை நோயாளிகள். பட்டதாரித் தாதியரின் பங்கு 10 விழுக்காடு கூடும் இடத்தில், அனுமதிக்கப்பட்ட 30 நாளுக்குள் நோயாளி இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு குறைந்திருந்தது. ஒரு தாதியின் தலையில் இன்னொரு நோயாளி கூடினால் அதே 7 விழுக்காடு ஏறியிருந்தது. இது தொடர்புதான், காரணம் என்று நிரூபணமாகவில்லை. எஞ்சினியர் புத்தி அதைச் சொல்லாமல் விடாது. இருந்தாலும் தள்ளிவிடக்கூடிய எண்ணில்லை. ஆனால் அந்தப் பட்டப்படிப்புக்குள் இருக்கும் எது நோயாளியைக் காப்பாற்றுகிறது என்பதை அந்த எண் சொல்வதில்லை. நான் இந்தக் கட்டுரைகளை வாசித்ததும் அதைத் தேடித்தான்.

பதினொன்றுக்கும் ஒரே எலும்புக்கூடு. கிரஹாம் கிப்ஸ் என்ற பிரிட்டிஷ் கல்வியாளர் 1988-இல் வெளியிட்ட வட்டம் அது. நடந்தது, உணர்வு, மதிப்பீடு, பகுப்பாய்வு, முடிவு, அடுத்த முறைக்கான திட்டம் என்று ஆறு கட்டம். யோசிக்கப் பழகாதவர் கையில் கொடுத்தால் நல்ல ஊன்றுகோல். ஆனால் வட்டம் என்பதால் எல்லாக் கதையும் முடிந்தே ஆகவேண்டும், அதுவும் நல்லபடியாக. எழுதியவர் கடைசிப் பத்தியில் கொஞ்சம் திருந்தியிருக்க வேண்டும். பதினொரு கட்டுரையிலும் ‘இனிமேல் தகவல் தொடர்புத் திறனை வளர்த்துக்கொள்வேன்’ என்ற வாக்கியம் ஏதாவதொரு உடையில் வருகிறது. பதினொரு கட்டுரை, பதினொரு சம்பவம், ஒரே பாடம்!

எங்கள் துறையிலும் இதே வியாதி உண்டு. பழுதான பொருள் வாடிக்கையாளர் கைக்குப் போய்விட்டால் ‘எய்ட்-டி ரிப்போர்ட்’ எழுதவேண்டும். எட்டுக் கட்டம். நான் பார்த்தவற்றில் பாதிக்கு மேல், வேர்க்காரணம் ‘ஆப்பரேட்டர் கவனக்குறைவு’, தீர்வு ‘மறுபயிற்சி அளிக்கப்பட்டது’. கட்டம் நிரம்பிவிடும். மெஷின் அப்படியேதான் இருக்கும்.

அக்காவின் ஐந்தாவது கட்டுரையை மட்டும் விரித்துச் சொல்கிறேன். அதன் முதல் பிரதியும் இறுதிப் பிரதியும் என்னிடம் இருக்கின்றன. அதே சம்பவத்தை அவள் தமிழில் சொல்லியும் கேட்டிருக்கிறேன்.

அறுபது தாண்டிய ஒரு ஐயா. குடலில் அறுவைச் சிகிச்சை நடந்து நான்காம் நாள். தினமும் டாக்டர் ரவுண்ட்ஸ் வருவதற்கு முன்னால் சட்டைப்பை சீப்பை எடுத்து, இருக்கிற நாலு முடியையும் படியச் சீவிக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம். அன்றைக்குச் சீப்பு லாக்கர் மேல் அப்படியே கிடந்தது. “என்ன ஐயா, இன்னும் தலை சீவலையா?” “அப்புறம் சீவிக்கிறேன் மிஸ்ஸி.” அவ்வளவுதான். பிரஷர், நாடி, காய்ச்சல், ஆக்சிஜன் எல்லாம் சரியாக இருந்தன. மூச்சு 18 என்று சார்ட்டில் எழுதியிருந்தது. முந்தின ஷிஃப்டிலும் 18, அதற்கு முந்தினதிலும் 18. மூச்சை யாரும் ஒரு நிமிஷம் முழுக்க எண்ணுவதில்லை என்று வார்டில் எல்லாருக்கும் தெரியும். அக்கா கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள். 24.

ஹவுஸ்மேனைக் கூப்பிட்டாள். வைட்டல்ஸ் ஓகே என்று சொல்லிவிட்டுப் போனார். மறுபடி கூப்பிட்டு, “சாயா தா செடாப் ஹாத்தி, டாக்டர்” என்றாள். மனசுக்குச் சரியாகப் படவில்லை என்று சொல்ல அதைவிட நல்ல மலாய் கிடையாது. அதற்கும் அசைவில்லை. மூன்றாவது முறை நேராக மெடிக்கல் ஆபீசருக்கே போன். மதியத்துக்குள் காய்ச்சல் ஏறி பிரஷர் இறங்கியது. குடலைத் தைத்த இடத்தில் கசிவு. மறுபடியும் ஆப்பரேஷன் தியேட்டர். ஐயா பிழைத்துக்கொண்டார்.

முதல் பிரதியில் சீப்பு இருந்தது. ஓரத்தில் சிவப்பில் ‘பொருத்தமற்ற விவரம், சுருக்கவும்’ என்று குறிப்பு. இறுதிப் பிரதியில் அந்த இடத்தில், ஆங்கிலத்தில், ‘நோயாளியின் நடத்தையில் நுண்ணிய மாற்றங்கள் அவதானிக்கப்பட்டன’ என்று இருக்கிறது. செயப்பாட்டு வினை. அவதானித்தது யார்? தன்மையில் எழுதச் சொன்ன கட்டுரையில் அந்தத் தன்மை தேவைப்படும் ஒரே இடத்தில் ஆளைக் காணோம். பிறகு எஸ்பார் பற்றி இரண்டு பத்தி, ஏழு மேற்கோள், முடிவு, திட்டம். நல்ல மதிப்பெண்தான் கிடைத்தது.

எஸ்பார் மேல் எனக்குக் கோபமில்லை. நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை என்று நான்கு வரியில் டாக்டருக்குச் சொல்லும் முறை அது. அமெரிக்கக் கடற்படையின் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல்களில் பிறந்து மருத்துவமனைக்கு வந்தது. அந்த மூன்றாவது போனில் அக்கா அதைத்தான் பிடித்துக்கொண்டாள். “அந்த நேரத்துல டாக்டருகிட்ட சீப்பைப் பத்திச் சொன்னா சிரிப்பாருடா. மூச்சு இருபத்துநாலு, நாலாம் நாள், வந்து பாருங்கன்னுதான் சொல்லணும்.” போனுக்கு அது சரி. ஆனால் கட்டுரை போன் இல்லையே. சீப்பிலிருந்து கடிகாரத்துக்கு அவள் மனம் எப்படிப் போனது என்பதை நிதானமாக எழுதிப்பார்க்க இருந்த ஒரே இடம் அதுதான்.

இங்கேதான் பட்ரிஷியா பென்னரின் ‘ஃப்ரம் நோவிஸ் டு எக்ஸ்பர்ட்’ என்ற நூலைப் பற்றிப் பேசவேண்டும். வெளிவந்த ஆண்டு 1984. தாதிமை படிக்கிறவர்கள் இதைத் தெரியாமல் பட்டம் வாங்க முடியாது என்கிறாள் அக்கா. ஆனால் அவர்களுக்குத் தெரிவது ஒரே ஒரு ஸ்லைடு. புதியவர், முன்னேறிய தொடக்கநிலையாளர், தகுதி பெற்றவர், தேர்ச்சியாளர், நிபுணர் என்று ஐந்து படி. இந்தப் படிகளை வகுத்தவர்கள் தத்துவவாதி ஹியூபர்ட் டிரைஃபஸும் அவர் தம்பி ஸ்டூவர்ட்டும். விமானிகளையும் செஸ் ஆட்டக்காரர்களையும் வைத்துச் செய்தது. கம்ப்யூட்டரால் என்ன முடியாது என்று 1972-இலேயே புத்தகம் போட்ட அதே டிரைஃபஸ்தான். என் துறைக்காரர்களுக்கு அவரை அந்தச் சண்டையில் தெரியும். அந்தப் படிக்கட்டைத் தாதியர் பக்கம் கொண்டுவந்தவர் பென்னர்.

அந்தப் புத்தகத்தை இரவல் வாங்கி வாசித்தபோது நான் எதிர்பார்க்காதது, அதில் கதைகள் இருந்தன. தாதியர் தங்கள் வாயால் சொன்ன அனுபவங்கள், பக்கம் பக்கமாக. மானிட்டர் சொல்வதற்கு முன்னால் நோயாளி சரியில்லை என்று தெரிந்துகொண்டவர்கள், அதை டாக்டரிடம் எப்படிச் சொல்வது என்று தவித்தவர்கள். ஸ்லைடில் படிக்கட்டு வந்துவிட்டது, அதில் ஏறியவர்கள் வரவில்லை. இலக்கியத்தில் நாம் செய்யும் அதே காரியம் இது. நாவலை விட்டுவிட்டுக் கதைச்சுருக்கத்தைப் பாடமாக வைப்போம்.

பென்னரிடமும் எனக்கு ஒரு குறை உண்டு. நிபுணரின் அறிவை அவர் ‘உள்ளுணர்வு’ என்று சொல்லிப் பாதியில் விட்டுவிடுகிறார். நிபுணருக்கு விதி தேவையில்லை, முழுச் சூழலையும் ஒரே பார்வையில் பிடித்துக்கொள்வார் என்கிறார். சிறந்த செயல்களைத் தேடித்தேடித் தொகுத்ததால் கதைகளும் பெரும்பாலும் ஜெயித்தவர்களுடையவை. தப்பாகப் போன உள்ளுணர்வு எங்கே? கம்ப்ரஸர் சத்தத்தைக் கேட்டே பேரிங் போய்விட்டது என்று சொல்லும் சீனியர் டெக்னீஷியன் எங்களிடமும் இருக்கிறார். அவர் தப்பாகச் சொல்லி நாங்கள் சும்மா பிரித்துப்போட்ட மெஷின்களும் உண்டு.

அக்காவின் கதை இந்த இடத்தில் பென்னரைவிட ஒரு படி தாண்டிப் போகிறது. அவள் உள்ளுணர்வோடு நிற்கவில்லை. சீப்பு சந்தேகத்தைக் கொடுத்தது. சந்தேகம், எல்லாரும் ஊகித்து எழுதும் ஒரு எண்ணை உண்மையாக எண்ண வைத்தது. அந்த எண் கையில் இருந்ததால்தான் மூன்றாவது போனில் பேச முடிந்தது. இதில் மாயம் எதுவும் இல்லை. பதினோரு வருடம் மனிதர்களின் காலை நேரங்களைப் பார்த்ததில் வந்த அறிவு, அளந்து சரிபார்க்கக்கூடிய அறிவாக மாறிய இடம் அது. பட்டப்படிப்பு கற்றுக்கொடுக்கவேண்டியது அந்த மாற்றத்தைத்தான் என்று நினைக்கிறேன். சிவப்பு மை வெட்டியதும் அதைத்தான்.

கதைகளில் நமக்குப் பழக்கமான தாதி வேறு. அன்பே உருவானவள், வெள்ளை உடை, மெல்லிய சிரிப்பு. ‘காமோஷி’ படத்தில் வஹீதா ரஹ்மான் நோயாளியைக் காதலிப்பதாக நடித்தே குணமாக்குவார், கடைசியில் அவரே நோயாளியாவார். அழகான படம். ஆனால் அதில் தாதியின் மனதுக்கு இருக்கும் இடம் அவள் அறிவுக்கு இல்லை. பாயல் கபாடியாவின் ‘ஆல் வி இமேஜின் ஆஸ் லைட்’ (2024) வந்தபோதுதான் மலையாளித் தாதி ஒருத்தி மும்பை மருத்துவமனையில் வேலை தெரிந்தவளாக நடமாடுவதைப் பார்த்தேன். நம் மலேசியத் தமிழ்ப் புனைவில் நான் வாசித்த வரையில் தோட்டத்து டிரெஸர் வருகிறார், அதட்டுகிறார், கலர் தண்ணீர் மருந்து கொடுக்கிறார். மிஸ்ஸி வந்தால் கதவைத் திறந்து ‘உள்ளே வரலாம்’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறாள்.

எழுதத் தெரிந்தவர்கள் அங்கே இல்லை என்று சொல்ல முடியாது. பட்டப்படிப்பு ஒவ்வொரு செமஸ்டரும் அவர்களை எழுத வைக்கிறது. வார்டில் மலாய், கட்டுரையில் ஆங்கிலம், வீட்டுக்கு வந்தால் தமிழ். சீப்பு உயிரோடு இருந்தது தமிழில் மட்டும்தான். “ஒரு மாதிரியா இருந்தாருடா” என்றாள் அக்கா. அந்த ‘ஒரு மாதிரி’க்குள் எவ்வளவு இருந்தது என்று கேட்டுக்கேட்டு எடுக்க எனக்கு இரண்டு மணி நேரம் ஆனது.

பென்னரின் புத்தகத்தை அவளிடம் கொடுத்தேன். ஐந்து படி இருக்கும் அத்தியாயத்தை விட்டுவிட்டுக் கதைகளை மட்டும் வாசிக்கச் சொன்னேன். நைட் ஷிஃப்டுக்கு முன்னால் மூன்று வாசித்திருக்கிறாள்.

“நல்லாத்தான் இருக்கு. எல்லாம் உண்மைன்னு தெரியுது. ஆனா அன்னைக்கு அவங்க கையில எத்தனை பேஷண்ட் இருந்தாங்கன்னு நான் படிச்ச மூணுலயும் போடலையே. ஐயா சீப்பைத் தொடலன்னு நான் பார்த்தது, அன்னைக்கு எனக்கு எட்டே பேர் இருந்ததாலதான்டா. பதினாலு பேர் இருந்திருந்தா நானும் பதினெட்டுன்னு எழுதிட்டுப் போயிருப்பேன்.”