உரிமம் இல்லாத ரிலீஃப் ஆசிரியர்: ‘மொசியூ லசார்’ படத்தை முன்வைத்து

“டீச்சர் எப்போ திரும்பி வருவாங்க?” ரிலீஃப் வகுப்பு எடுத்த எவருக்கும் இந்தக் கேள்வி பழக்கமானதுதான். மகப்பேறு விடுப்பு, மருத்துவ விடுப்பு என்றால் ஒரு தேதியைச் சொல்லிச் சமாளித்துவிடலாம். அந்த டீச்சர் வரவே மாட்டார் என்றால் நீங்கள் என்ன சொல்வீர்கள்?

2011இல் வெளிவந்த ‘மொசியூ லசார்’ அங்கேதான் தொடங்குகிறது. எவலின் டி லா ஷெனெலியரின் நாடகத்தைத் தழுவி பிலிப் ஃபலார்டோ இயக்கிய கனடியப் பிரெஞ்சுப் படம் இது. சிறந்த வெளிநாட்டு மொழிப் படத்துக்கான ஆஸ்கர் பரிந்துரையும் பெற்றது. மொன்றியலில் ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியை, தன் வகுப்பறையிலேயே உயிரை மாய்த்துக்கொள்கிறார். சிமோன், அலிஸ் என்ற இரு பிள்ளைகள் அதைப் பார்த்துவிடுகிறார்கள். அந்த வகுப்புக்கு ஆள் கிடைக்காத நேரத்தில் பஷீர் லசார் என்ற அல்ஜீரியர் தலைமையாசிரியையிடம் தானே வந்து நிற்கிறார். அல்ஜீரியாவில் 19 ஆண்டுகள் கற்பித்ததாகச் சொல்கிறார். வேலையும் கிடைத்துவிடுகிறது.

படம் பார்க்காதவர்கள் மன்னிக்கணும், முடிவைச் சொல்லாமல் இதைப் பற்றிப் பேச முடியாது. பஷீர் ஆசிரியரே இல்லை. ஆசிரியராக இருந்தவர் அவருடைய மனைவி. அவரையும் பிள்ளைகளையும் அல்ஜீரியாவில் தீக்குப் பறிகொடுத்த பஷீர், கனடாவில் அகதித் தகுதி கேட்டுக் காத்திருக்கிறார்.

கியூபெக்கில் கற்பிக்க ஆசிரியர் உரிமம் வேண்டும். ஆள் பற்றாக்குறை என்றால் உரிமம் இல்லாதவரை நியமிக்கத் தற்காலிக அனுமதி வாங்கவும் வழி உண்டு. படத்திலோ, அவசரத்தில் யாரும் எதையும் சரிபார்ப்பதில்லை. உண்மை வெளிவந்த பிறகுதான் விதிமுறை எல்லாருக்கும் ஞாபகம் வருகிறது.

பயிற்சி இல்லாதது பஷீரின் வகுப்பில் நன்றாகவே தெரிகிறது. மேசைகளை நேர்வரிசையில் போடுகிறார். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு பால்சாக்கைச் சொல்வதெழுதலாகக் கொடுக்கிறார். ஒரு பையனின் தலையில் தட்டிக் கண்டிப்பும் வாங்குகிறார். ஆனாலும் பயிற்சி பெற்ற மற்றவர்கள் தவிர்க்கும் ஒன்றை அவர் செய்கிறார். பள்ளி, சுவருக்குப் புதுச் சாயம் பூசி, பிள்ளைகளை உளவியலாளரிடம் ஒப்படைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்க நினைக்கிறது. பஷீர் மட்டும், இறந்துபோன ஆசிரியையைப் பற்றி வகுப்பில் பேச இடம் கொடுக்கிறார். படத்தின் பலம் இதுதான்.

அதன் குறையும் இங்கேதான் இருக்கிறது. தன்னைத் தேற்றுவதற்காகக் கட்டியணைத்த ஆசிரியை முத்தமிட்டதாகச் சிமோன் சொல்லியிருந்தான். அந்தச் சொல்லின் பாரத்தை அவன் வகுப்பின் நடுவே அழுது இறக்கிவைக்கிறான். பஷீர் சொன்ன பொய்யோ? கடைசி வகுப்பில் அவர் தான் எழுதிய ஒரு நீதிக்கதையைச் சொல்லி விடைபெறுகிறார். மரமும் கூட்டுப்புழுவும் வரும் அந்தக் கதை அழகானதுதான், மனத்தையும் தொடுகிறது. ஆனால், “நான் ஆசிரியர் இல்லை” என்று அவர் பிள்ளைகளிடம் நேராகச் சொல்லி நாம் பார்ப்பதில்லை. பதினொரு வயதுப் பையனிடம் எதிர்பார்த்த நேர்மையைப் படம் பெரியவரிடம் எதிர்பார்க்கவில்லை. பஷீர் இவ்வளவு அன்பானவராக இல்லாமலிருந்தால், அவருடைய பொய்யை நாம் இப்படி மன்னிப்போமா? இந்தக் கேள்வியிலிருந்து படம் நழுவிவிடுகிறது.

“அப்போ மனசு இருந்தா போதும், சான்றிதழ் எதுக்கு?” என்று இந்தப் படத்தை வைத்து யாராவது கேட்டால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். யாரை நம்பிப் பிள்ளையை அனுப்புகிறோம் என்று பெற்றோருக்குத் தெரிய வேண்டும். உரிமம் அதற்காகத்தான். வகுப்பில் ஓர் இழப்பு நேர்ந்திருக்கும்போது என்ன பேசுவது என்பதை உரிமம் சொல்லித் தராது. அதை அந்தப் பள்ளிதான் சொல்லித் தர வேண்டும்.

நம்மில் பலர் பட்டயக் கல்விக்கு முன் ரிலீஃப் ஆசிரியராகத்தான் பள்ளிக்குள் காலடி வைத்தோம். கையில் ஒரு கால அட்டவணை, ஒரு கட்டுப் பயிற்சித்தாள். அந்த வகுப்பில் யாருடைய அப்பா போன வாரம் இறந்தார் என்று யாரும் நமக்குச் சொல்லவில்லை.

தற்கொலை பற்றிய படம் என்பதால் இதை மாணவர்களுக்கு அப்படியே போட்டுக் காட்ட வேண்டாம். முதலில் நாம் பார்ப்போம். அடுத்த முறை நீங்கள் விடுப்பில் போகும்போது, ரிலீஃப் ஆசிரியருக்குப் பயிற்சித்தாளோடு இரண்டு வரி எழுதி வையுங்கள்: இந்த வகுப்பில் யாரைக் கொஞ்சம் கவனிக்கணும், ஏன்?