வானொலி நிகழ்ச்சி நிரல்களும் எமது ஞாபகமும்: சில குறிப்புகள்

இலங்கை வானொலியின் 'பொற்காலம்' குறித்து எம்மவர் எழுதும் கட்டுரைகளுக்குப் பஞ்சமில்லை. மயில்வாகனம், கே. எஸ். ராஜா, அப்துல் ஹமீட், ராஜேஸ்வரி சண்முகம் என்று பெயர்கள் வரும். 'பொங்கும் பூம்புனல்' வரும், 'பாட்டுக்குப் பாட்டு' வரும், கண்ணீரும் வரும். வருடம் மட்டும் வராது. இந்த நிகழ்ச்சி எந்த ஆண்டில், எந்த நாளில், எத்தனை மணிக்கு, யாருடைய விளம்பரத்தோடு ஒலித்தது என்று கேட்டால், "அது எல்லாருக்கும் தெரிந்ததுதானே" என்கிறார்கள். இணையத்தில் ஏற்றப்படும் ஒலித்துண்டுகளின் கதையும் இதுதான். குரல் இருக்கிறது, திகதி இல்லை. இவற்றைக் கேட்டு உருகலாம். வரலாறு எழுதப் போதாது.

ஒலிநாடாக்களைப் பற்றி நான் இங்கே பேசவில்லை. நிகழ்ச்சி நிரல் என்ற, எவரும் பொருட்படுத்தாத காகிதத்தைப் பற்றியே பேசுகிறேன். வீரகேசரியும் தினகரனும் ஒரு மூலையில் அச்சிட்டு வந்த வானொலிப் பகுதி, ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் 'வானொலி மஞ்சரி', அகில இந்திய வானொலியின் 'வானொலி' இதழ் ஆகியனவே எனது கவனத்துக்குரியவை. எங்கள் வீட்டில் மறுநாளே அந்தப் பக்கத்தில் வடையின் எண்ணெயை ஒற்றுவார்கள்.

வெள்ளைக்காரன் இதில் கெட்டிக்காரன். பிபிசி தனது 'ரேடியோ டைம்ஸ்' சஞ்சிகையை 1923 செப்டெம்பரில் தொடங்கியது. 1923 முதல் 2009 வரையான அதன் நிரல்களை எண்மமாக்கி, 2014 ஒக்டோபரில் 'ஜீனோம்' என்ற பெயரில் எல்லோரும் தேடிப் பார்க்கத் திறந்துவிட்டது. 40 இலட்சத்துக்கும் அதிகமான பதிவுகள். இயந்திரம் பிழையாக வாசித்த எழுத்துகளை வாசகரே திருத்தலாம். அச்சிட்ட நிரலும் உண்மையில் ஒலித்ததும் ஒன்றாக இராமலும் போகலாம் என்ற எச்சரிக்கையும் உண்டு. இந்த நேர்மையை நான் மெச்சுகிறேன்.

ஆனால் அதில் தமிழோசையைத் தேடிப் பயனில்லை. 'ரேடியோ டைம்ஸ்' பிரித்தானிய வீட்டு நேயருக்கான சஞ்சிகை. அந்நிய மொழிச் சேவைகளை நாளாந்தம் நிரலிடுவது அதன் வேலை அல்ல. 1941 முதல் பல தசாப்தங்கள் சிற்றலையில் ஒலித்து, 2017 ஏப்ரல் 30 உடன் சிற்றலையை விட்டு நின்ற ஒரு சேவை, தன் சொந்த வீட்டின் மாபெரும் பட்டியலுக்கு வெளியே நிற்கிறது. காலனியின் நேயர் கேட்பதற்கு உரியவர், பட்டியலுக்கு உரியவர் அல்லர் என்று இதை வாசிக்கலாமா? சற்று மிகையாகத் தெரியலாம். நான் அப்படித்தான் வாசிக்கிறேன்.

நிரல் என்பது வெறும் காகிதமல்ல, சொத்து என்பதும் அவர்களுக்குத் தெரியும். அயர்லாந்தில் மகில் என்ற சிறு பதிப்பகம் எல்லா அலைவரிசைகளின் வாராந்தத் தொலைக்காட்சி நிரலையும் ஒரே இதழில் அச்சிட முயன்றபோது, ஒளிபரப்பாளர்கள் பதிப்புரிமையைக் காட்டித் தடுத்தார்கள். பிபிசியும் அதில் ஒரு தரப்பு. 1995 ஏப்ரலில் ஐரோப்பிய நீதிமன்றம் அது ஆதிக்க நிலையைத் துர்ப்பிரயோகம் செய்வது என்று தீர்த்தது.

இனி எமது கதை. 1990 ஜூனில் யுத்தம் மீண்டும் மூண்டபின் வடக்குக்குப் பற்றறி வருவது தடைசெய்யப்பட்டது. மின்சாரமும் இல்லை. யாழ்ப்பாணத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுழற்றி, டைனமோவிலிருந்து றேடியோவுக்கு வயர் கொடுத்துக் கேட்டோம். இரவு 9.15 தமிழோசை. மணிலாவிலிருந்து வரும் வெரித்தாஸ் வேறொரு வேளை. ஒருவர் சுழற்ற, பத்துப்பேர் கேட்பார்கள். கை சோர்ந்தால் செய்தியும் சோரும். அந்த நாட்களில் நிகழ்ச்சி நிரல் என்பது பொழுதுபோக்குக் குறிப்பல்ல, உடல் உழைப்பின் கணக்கு. எதைக் கேட்பது, எதை விடுவது, யாருடைய முறை என்று முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டியிருந்தது. எந்த ஆவணக்காப்பகத்தில் இந்தச் 'சுழற்றும் முறை' இருக்கிறது?

நேரத்தையே எடுத்துக்கொள்வோம். 1996 மே 25 அன்று இலங்கை அரசு கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்தள்ளியது. அதே ஆண்டு ஒக்டோபர் 26 அன்று அரை மணித்தியாலம் பின்னிழுத்தது. 2006 ஏப்ரலில்தான் பழைய நேரத்துக்குத் திரும்பியது. வன்னியில் இருந்த நாங்கள் இந்த மாற்றம் எதையும் ஏற்கவில்லை. ஆகவே பத்து வருடங்கள் ஒரே தீவில் இரண்டு நேரங்கள். தமிழோசை எங்களுக்கு 9.15, ஓமந்தைக்கு அப்பால் முதலில் 10.15, பிறகு 9.45. 1997 ஆம் ஆண்டின் ஒரு நிரலை ஒருவர் இன்று இணையத்தில் ஏற்றி 'இரவு 9.45' என்று மட்டும் குறித்தால், அது யாருடைய 9.45? இதை விளக்கும் ஒரு வரி இல்லாத பட்டியல் எதிர்கால ஆய்வாளனை அரை மணித்தியாலம் பிழையான யுத்தத்துக்குள் அனுப்பிவிடும்.

நிரலை நான் தெய்வமாக்கவும் வரவில்லை. அது முன்கூட்டியே அச்சாவது. ஊரடங்கு நாளில் என்ன ஒலித்தது, எந்தப் பாட்டு நிறுத்தப்பட்டது, எந்த அறிவிப்பாளர் வேலைக்கு வரமுடியாமல் போனார் என்பதை அது சொல்லாது. சானாவின் 'லண்டன் கந்தையா'வையும், மக்கள் வங்கியின் விளம்பரத்துக்காகச் சில்லையூர் செல்வராசன் எழுதிய 'தணியாத தாகம்' தொடரையும் பெயர் சொல்லி நினைவுகூரும் நாம், ஒலியமைத்தவரையும் துணைப்பாத்திரமாகக் குரல் கொடுத்த பெண்களையும் மறந்தோம். நிரலும் மறந்தது. ஆனால் ஒரு விடயத்தில் அது எமது ஞாபகக் கட்டுரைகளைவிட நாணயமானது. விவசாய நிகழ்ச்சியும், முஸ்லிம் நிகழ்ச்சியும், சந்தை விலையும், மரண அறிவித்தலும் திரைப்பாடலுக்குச் சமமான எழுத்தில் அதில் நிற்கும். 'பொற்கால'க் கட்டுரைகளில் இவை நிற்பதில்லை.

சிற்றலை நேயர்களின் முறை எனக்குப் பிடிக்கும். மார்ச் கடைசி ஞாயிறிலும் ஒக்டோபர் கடைசி ஞாயிறிலும் உலகின் சிற்றலை அட்டவணை மாறுகிறது. சில தனிமனிதர்கள் சம்பளமில்லாமல் அதைத் தொகுத்து, அலைவரிசை, மொழி, இலக்குப் பிரதேசம் என்று வரிவரியாக இணையத்தில் இலவசமாக வைக்கிறார்கள். எல்லா நேரமும் சர்வதேச நேரத்தில். தமிழோசை 15.45 என்றால் உலகெங்கும் 15.45தான். குறை என்னவென்றால், புதிய அட்டவணை வந்ததும் பலர் பழையதை அழித்துவிடுகிறார்கள். நூலகம் நிறுவனம் போன்ற இடங்களில் பழைய பத்திரிகைகள் ஏற்கனவே எண்மமாகியிருக்கின்றன. அவற்றின் வானொலி மூலைகளை மட்டும் பிரித்துத் தட்டச்சு செய்வதற்குப் பெரும் பணம் தேவையில்லை. பத்துப்பேரும் ஞாயிற்றுக்கிழமைகளும் போதும். எங்களுக்கு வெள்ளிக்கிழமை.

இங்கே எங்கள் அறையில் கீழக்கரை பாய் ஒருவர் இருக்கிறார். 1990 ஓகஸ்ட் 2 அன்று ஈராக் படை நுழைந்தபோது இளைஞராகக் குவைத்தில் இருந்தவர். அம்மான் போய்ச் சேர்ந்தால் விமானம் உண்டு என்பதை றேடியோவில் கேட்டுத்தான் புறப்பட்டாராம். "எந்த றேடியோ பாய்?" என்று கேட்டேன். "டெல்லியா லண்டனா தெரியல சார். தமிழ்ல சொன்னாங்க" என்றார். அகதி என்று பதிய வழியில்லாத இந்த நாட்டில், ஒப்பந்தத் தொழிலாளியாக இருவரும் ஒரே இரும்புக் கட்டிலின் மேலும் கீழும் படுக்கிறோம். அவர் உயிரைக் காப்பாற்றிய அந்த ஒலிபரப்பு எது என்பதை அவருக்குக் காட்ட என்னிடம் ஒரு காகிதமும் இல்லை.

நானும் ஒரு காலத்தில் வைத்திருந்தேன். 1990 முதல் கேட்டவற்றின் நேரம், அலைவரிசை, தலைப்பு என்று ஒரு நாற்பது தாள் கொப்பி. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுதும் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தபோது அது மேசையில் கிடந்தது. கடந்த மாதம் ஒரு விடுமுறை நாளில் ஞாபகத்திலிருந்து திருப்பி எழுத உட்கார்ந்தேன். பதினொரு வரிகள் வந்தன. அவற்றில் நான்கின் நேரம் எனக்கே சந்தேகம்.