கோப்பறையும் ஒளிப்படமும்: தயானிதா சிங்கின் கலை

ஒளிப்படம் கலையாகுமா என்பது பழைய வினா. கருவி செய்யும் வேலைக்குக் கலைஞர் என்ற பட்டம் எதற்கு எனக் கேட்போர் இன்றும் உளர். புது தில்லியில் 1961-இல் பிறந்த தயானிதா சிங் அவ்வினாவுக்கு விடை கூற முற்பட்டவரல்லர். எடுத்த படத்தை எங்கே வைப்பது, எவ்வாறு படிக்கச் செய்வது என்ற வேறொரு வினாவையே அவர் நாற்பதாண்டுகளாகப் பின்தொடர்ந்து வருகிறார்.

அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் பயின்ற நாளிலேயே தபேலா மேதை ஜாகிர் உசேனுடன் குளிர்காலந்தோறும் பயணம் செய்து படமெடுத்தார். அது 1986-இல் நூலாயிற்று. நியூயார்க்கில் மேலும் பயின்று திரும்பியபின் அயல்நாட்டு இதழ்களுக்குச் செய்திப் படங்கள் எடுத்தார். அவ்விதழ்கள் விரும்பிய இந்தியா எது என்பது நாமறிந்ததே: வறுமை, விலைமகளிர், குழந்தைத் தொழிலாளர். வாய்ப்பும் பெயரும் தந்த அவ்வழியை 1990-களின் இறுதியில் அவர் துறந்தது சிறு செயலன்று.

அதற்கு முன்பே வித்து ஊன்றப்பட்டிருந்தது. 1989-இல் லண்டன் நாளேடு ஒன்றுக்காக, தில்லியில் மோனா அகமது என்னும் திருநங்கையைப் படமெடுத்தார். படம் லண்டனில் அச்சாகும் என்றறிந்த மோனா, அங்கே தம் உறவினர் இருப்பதால் படச்சுருளைத் திருப்பிக் கேட்டார். தயானிதா கொடுத்துவிட்டார். அன்று தொடங்கிய நட்பு 2017-இல் மோனா மறையும்வரை நீடித்தது. 2001-இல் வந்த நூலில் படங்களுக்கு உரையாக அமைந்தவை மோனாவே பதிப்பாளருக்கு எழுதிய மின்னஞ்சல் மடல்கள். படத்திலிருப்பவரே பேசும் அந்நூலை இவருடைய ஆக்கங்களுள் தலையாயதாகக் கருதுகிறேன்.

'சென்ட் எ லெட்டர்' (2008) வேறு வகையானது. ஒரு பெட்டிக்குள் ஏழு சிறு மடிப்பு நூல்கள். விரித்து நிறுத்தினால் அதுவே கண்காட்சி. அவற்றுள் ஒன்று நம் குமரி மாவட்டத்துப் பத்மநாபபுரம் என்பது சங்க அன்பர்களுக்கு மகிழ்வூட்டும். மற்றொன்றில் இருப்பவை அவருடைய தாயார் எடுத்த படங்கள். ஓவியக்கூடத்துக்குச் செல்லத் தயங்கும் நம்போன்றோரின் மேசைக்கே கண்காட்சி வந்து சேர்கிறது. விலை மட்டும் வந்து சேரும்படியாக இல்லை!

இனி 'ஃபைல் ரூம்' (2013). ஆவண அறைகளைக் காட்டும் கறுப்பு வெள்ளைப் படங்கள். கூரையைத் தொடும் அடுக்குகள், துணியில் பொதிந்த கட்டுகள், ஓரம் மடங்கிய தாள்கள். எழுத்தராகப் பணிபுரியும் எவரும் இப்படங்களின் முன் சற்றே நின்றுவிடுவார். முடிச்சைப் பார்த்தே கட்டு அண்மையில் பிரிக்கப்பட்டதா என்று சொல்லிவிடலாம். படங்கள் அவ்வளவு நுட்பமானவை. பிறர் குப்பையென்று கடந்து செல்வதை அவர் மதித்து நோக்கியிருக்கிறார். பயனற்ற தாள்மலை என்ற ஏளனம் ஒரு படத்திலும் இல்லை.

ஆயினும் ஒரு குறையைச் சொல்லாமலிருக்க இயலவில்லை. எந்தப் படத்தின் கீழும் இது எவ்வூர், எவ்வறை என்ற குறிப்பு இல்லை. வேண்டுமென்றே விடப்பட்டதுதான், ஊரும் ஆண்டும் நீங்கினால் படம் கனவுபோல் மிதக்கும் என்பது கலைக் கொள்கை. ஆனால் எண்ணில்லாத கோப்பு தொலைந்த கோப்பு என்பது எங்கள் தொழிலின் முதற்பாடம். ஒவ்வொரு கட்டுக்குள்ளும் ஒருவருடைய ஓய்வூதியமோ நிலவழக்கோ கிடக்கிறது. அக்கட்டுகளைக் காத்து, தூசியில் இருமி நிற்கும் பதிவறைப் பணியாளர்களும் சில படங்களில் உள்ளனர். மோனாவுக்குத் தம் சொல்லில் பேச இடமளித்த கலைஞர், இவர்களை மௌனமாக நிறுத்திவிட்டார். அறையின் அழகு மிகுந்தது. அறையைக் காப்பவர் அதன் நிழலாகிப் போனார்.

அரசு அலுவலகங்களின் கோப்புகள் பலவும் கணினித் திரைக்குச் சென்றுவிட்ட இந்நாளில் இக்குறை இன்னும் உறுத்துகிறது. துணிக்கட்டும் நாடாவும் எப்படி இருந்தன என்று நாளை ஒருவர் தேடினால் இந்நூலைத்தான் எடுப்பார். அப்போது இது எந்த அறை என்று கேட்பார்.

2013-இல் வெனிஸ் கலைவிழாவின் ஜெர்மன் அரங்கிலும் இவருடைய படங்கள் இடம்பெற்றன. படங்களை மாற்றி மாற்றி அடுக்கத்தக்க, மடக்கி விரிக்கும் மரச்சட்டங்களைச் செய்து அவற்றை 'மியூசியம்' என்றே அழைத்தார். அவற்றுள் 'ஃபைல் மியூசியம்' என்பதும் ஒன்று. 2022-இல் ஹாசல்பிளாட் விருது கிடைத்தது. அதனைப் பெற்ற முதல் இந்தியர் இவரே. மரச்சட்டங்களில் படங்கள் இடம் மாறிக்கொண்டே இருப்பதால், கோப்பறைப் படங்களுக்கு அருகே ஒரு நாள் அந்தப் பணியாளர்களின் சொற்களையும் அவர் வைக்க வழி இருக்கிறது.